பலகையின் தலையெழுத்து

“பதினாறுன்னு போட்டிருக்கு. நான் சொல்லல, கோர்ட்டு சொல்லுது.”

“கோர்ட்டுக்கு என்ன தெரியும்? காணாமப் போன நாள்லேர்ந்து ஏழு வருஷம் கூட்டிப் போடறது சட்டம். அவங்க யாராவது பொண்ணைப் பாத்தாங்களா?”

“நீங்க பாத்தீங்களா?” என்றாள் சுமினோ.

கோயில் கூடத்துத் தாழ்மேசையில் மூன்று கோப்பைத் தேநீர் ஆறிக்கொண்டிருந்தது. கொஹெய் தன் முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி சுமினோ நீதிமன்றத் தாளை நான்காக மடித்து, மடிப்பை நகத்தால் தேய்த்து, மறுபடியும் பிரித்தாள்.

கோயிலின் குரு கைஜுனுக்கு இருவரையும் ஐம்பது வருடமாகத் தெரியும். இந்தப் பள்ளத்தாக்கில் பேருந்து ஓட்டியவர் கொஹெய். கைஜுன் பள்ளிக்கூடம் போனதெல்லாம் அந்தப் பேருந்தில்தான். அதனால் காவி உடுத்தித் தலை மழித்த பிறகும் கைஜுனுக்கு அவர் அண்ணன்தான், சுமினோ அக்காதான். அவர்கள்தான் ஒரு நாள் திடீரென்று அவரைச் சாமி என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள்.

இருபத்தெட்டு வருடத்துக்கு முன்னால் ஓர் ஆகஸ்ட் மூன்றாம் தேதி, அவர்களுடைய ஒரே மகள் சிஹோ பள்ளி நீச்சல் குளத்திலிருந்து வீட்டுக்குக் கிளம்பினாள். ஒன்பது வயது. பன்னிரண்டு நிமிட நடை. வீடு வந்து சேரவில்லை. ஆற்றைத் தேடினார்கள், தேவதாருக் காட்டைத் தேடினார்கள், மூடிக் கிடந்த கிணறுகளையெல்லாம் திறந்து பார்த்தார்கள். ஈரத் துண்டு வைத்திருந்த பைகூடக் கிடைக்கவில்லை.

இந்த வருடம் கொஹெய்யின் கணையத்தில் கட்டி என்றார்கள். இலைகள் சிவக்கும்வரை இருப்பார், பனிக்காலம் சந்தேகம்தான். அவர் மனைவியிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், குளிரில் தனியாக நகரத்து நீதிமன்றத்துக்குப் போய், மகள் இறந்துவிட்டதாக அறிவிக்கக் கேட்டு மனுக் கொடுத்துவிட்டு வந்தார். குடும்பக் கல்லறைக்குள் தான் முதலில் போய் உட்கார்ந்துகொண்டு மகளுக்காகக் காத்திருக்க முடியாது என்பது அவர் நியாயம். ஜூனில் உத்தரவு வந்தது. சட்டப்படி, காணாமல் போனவர் ஏழு வருடம் முடிகிற நாளில் இறந்ததாகக் கருதப்படுவார். ஆகவே நிஷிகாதா சிஹோ இறந்தது பதினாறாவது வயதில், ஆகஸ்ட் மூன்றாம் தேதி.

கதவை மூடுவதற்காக வரவழைத்த தாளில் இப்படி ஒரு ஜன்னல் இருக்கும் என்று கொஹெய் நினைத்தே பார்க்கவில்லை. சுமினோ அந்த ஜன்னலைப் பிடித்துக்கொண்டாள்.

வரப்போகிற மூன்றாம் தேதி சடங்கு. அதற்குள் கைஜுன் வெள்ளை மரப் பலகையில் சிஹோவின் மறுமைப் பெயரை எழுதியாக வேண்டும். பெயருக்கு மேலே, பலகையின் உச்சியில், சித்தம் என்ற பழைய இந்திய லிபியில் ஒரே ஓர் எழுத்து வரும். பெரியவர்களுக்கு அ. வாயைத் திறந்ததும் தானாக வருகிற ஒலி அது. எல்லாரும் அங்கேயிருந்து புறப்பட்டு அங்கேயே திரும்புவதால், இறந்தவர் தலைக்கு மேல் அதை எழுதுவார்கள். பதினைந்து வயதுக்குள் போன குழந்தைகளுக்குக் கா. அது ஜிஸோவின் எழுத்து. பெற்றவர்களுக்கு முன்னால் போன பிள்ளைகள் அக்கரைக்குப் போகத் தெரியாமல் ஆற்றங்கரையில் கல்லின் மேல் கல் அடுக்கிக்கொண்டிருக்க, பேய்கள் வந்து தட்டிவிட, தன் அங்கிக்குள் அவர்களை ஒளித்துக்கொள்கிற ஜிஸோ. கா எழுதினால் கீழே பெயர் ‘சிறுமி’ என்று முடியும். அ எழுதினால் ‘பெண்’ என்று முடியும். நடுவில் ஒன்று கிடையாது.

“ஏழு வருஷம் குடுத்திருக்காங்க,” என்றாள் சுமினோ. “யாரும் கேக்காமலே குடுத்திருக்காங்க. அதையும் புடுங்கிட்டு, ஒம்பதுலயே முடிஞ்சுதுன்னு எழுதச் சொல்றீங்களே.”

கொஹெய் மேசையில் கை ஊன்றி எழுந்தார். கிளம்பும்போது வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே, இதைக் குருதான் தீர்மானிக்க வேண்டும், நாங்கள் இரண்டு பேரும் தீர்மானித்தால் மூன்றாம் தேதிக்குள் மூன்று பலகை தேவைப்படும் என்றார். சுமினோவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இருபத்தெட்டு வருடத்தில் அவர்கள் சிரிக்காமல் இருந்தார்கள் என்று யாராவது நினைத்தால் அது தப்பு. சிரித்தார்கள். பிறகு நினைவு வந்து நிறுத்திக்கொள்வார்கள், அவ்வளவுதான்.

அவர்கள் போனதும் கைஜுனின் மனைவி ரிட்சு கோப்பைகளை எடுக்க வந்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தவளுக்கு எல்லாம் கேட்டிருந்தது.

“ரெண்டு எழுதிடுங்க. ஆளுக்கொண்ணு.”

“ஒருத்தருக்கு ரெண்டு பலகை வைக்கக் கூடாது. உயிர் எதுல போய் நிக்கும்?”

“ஒரு சாவுகூடக் கிடைக்காத பொண்ணு அது. ரெண்டு பலகை இருந்தா இருந்துட்டுப் போகட்டுமே.”

சொல்லிவிட்டு அவளே வாயை மூடிக்கொண்டு உள்ளே போனாள். குழாயைத் திறந்த சத்தம் வெகுநேரம் கேட்டது.

மலைமேல் இருக்கும் தலைமைக் கோயிலில் கூடப் பயிற்சி எடுத்த நண்பர் ஒருவர் இப்போது அலுவலகத்தில் இருந்தார். கைஜுன் அவருக்குத் தொலைபேசியில் விஷயத்தைச் சொன்னார். நண்பர் முதலில் தாளில் உள்ளபடி போ என்றார். பிறகு, குடும்பம் எப்படிப் பிரியப்படுகிறதோ அப்படி என்றார். குடும்பம் இரண்டாகப் பிரியப்படுகிறது என்றதும், அங்கே மழை எப்படி என்று விசாரித்தார்.

இரண்டு நாள் கழித்து, காலை பதினொரு மணி வாக்கில் கொஹெய் தனியாக வந்தார். கீழே வண்டியை நிறுத்திவிட்டு மேலே ஏறியவர் பாதிப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். ஹோமக் குச்சிகளை வெயிலில் பரப்பிக்கொண்டிருந்த கைஜுன் அதைப் பார்த்துவிட்டுக் கீழே இறங்கிப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தார். இவ்வளவு ஒல்லியான ஆளிடமிருந்து இவ்வளவு பெரிய மூச்சு வருவது பயமாக இருந்தது.

மூச்சு அடங்கியதும் கொஹெய் பேருந்தைப் பற்றிப் பேசினார். சிஹோ போன பிறகும் அவர் அதே தடத்தில்தான் ஓட்டினார். பத்து வயதுப் பெண் பிள்ளைகள் ஏறினால் கண்ணாடியில் பார்ப்பார். அடுத்த வருடம் பதினோரு வயதுப் பிள்ளைகள். அதற்கடுத்த வருடம் பன்னிரண்டு. பள்ளிச் சீருடை மாறியது, அவர் பார்வையும் கூடவே மாறியது. பதினாறு, பதினேழு வயதுப் பெண்களை அவர் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்த வருடம், ஓட்டுநர் முறைக்கிறார் என்று யாரோ புகார் எழுதிப் போட்டார்கள். மேலதிகாரி நல்லவர். விஷயம் அவருக்குப் புரிந்தது. ஆனாலும் தடத்தை மாற்றிவிட்டார். கொஹெய் ஓய்வு பெறும்வரை கிழவர்களை மட்டும் மருத்துவமனைக்கு ஏற்றிப் போய் இறக்கிக்கொண்டிருந்தார்.

“அந்தப் புகார் எழுதினவங்க மேல எனக்குக் கோவமே வரல சாமி. ஏன் தெரியுமா? அந்தக் கண்ணாடியில நானும் என்னைப் பாத்தேன். இப்படி ஒருத்தன் எங்கேயோ பாத்துக்கிட்டு இருந்திருப்பான்ல, அப்படின்னு தோணுச்சு.”

கொஹெய் காலை அடுத்த படிக்கு நீட்டிக்கொண்டார்.

“சுமினோ ஏழு வருஷம் ஏழு வருஷம்ங்கறா. அவளுக்கு அது பொண்ணு உயிரோட இருந்த ஏழு வருஷம். எனக்கு அது யாரோ ஒருத்தன் வீட்டுல இருந்த ஏழு வருஷம். எந்த வீடு, என்ன சாப்பாடு, கதவு எந்தப் பக்கம் பூட்டியிருந்துச்சு, எல்லாத்தையும் நான் யோசிச்சுட்டேன். இருபத்தெட்டு வருஷமா வேற வேலை என்ன?” அவர் பாறைகளுக்கு நடுவில் ஓடும் ஆற்றைக் காட்டினார். “வழுக்கி விழுந்தா. தண்ணி இழுத்துக்கிச்சு. அஞ்சு நிமிஷம். பயந்திருப்பா, முடிஞ்சிருக்கும். அவ்வளவுதான் நடந்துச்சுன்னு ஒருத்தராவது எழுத்துல எழுதிக் குடுங்க. பெத்த பொண்ணு அன்னிக்கே செத்திருக்கணும்னு வேண்டிக்கறவன் நான் ஒருத்தனாத்தான் இருப்பேன். இருந்துட்டுப் போறேன். கா எழுதிக் குடு, கைஜுன்.”

கைஜுன் மழித்த தலையோடு மலையிலிருந்து திரும்பி வந்த நாளுக்குப் பிறகு கொஹெய் அவரைப் பெயர் சொல்லி அழைத்தது அப்போதுதான்.

“எழுதறேன் அண்ணே,” என்றார் கைஜுன்.

கொஹெய் தலையசைத்தார். சொன்னதெல்லாம் சுமினோவின் காதுக்குப் போகக் கூடாது என்றார். அதற்கும் கைஜுன் சரி என்றார். ஒரே படியில் உட்கார்ந்து இரண்டு வாக்குக் கொடுத்தாயிற்று. ஆற்றில் தண்ணீர் குறைவாகத்தான் ஓடியது. ஒன்பது வயதுப் பிள்ளையை இழுத்துப் போகிற அளவுக்கு அன்று அதில் தண்ணீர் இருந்ததா என்று கைஜுனுக்கு நினைவில்லை. நினைவுபடுத்திக்கொள்ளவும் அவர் முயலவில்லை.

வாக்குக் கொடுத்துவிட்டால் கைக்கு வேலை வந்துவிடும். அது ஒரு நிம்மதி. அன்றிலிருந்து தினமும் மதியம் கூடத்தில் உட்கார்ந்து, வீணான தாள்களில் கா எழுதிப் பழகினார். அ எழுதி எழுதி அவர் கை தேய்ந்திருந்தது. ஊரில் சாகிறவர்கள் எல்லாம் கிழவர்கள். கா எழுதிப் பதினோரு வருடம் ஆகியிருந்தது. தட்டைத் தூரிகையின் முனையை முதலில் குத்தி, வலப்புறம் இழுத்து, திருப்பி, கீழே இறக்கி, வாலைத் தூக்கி விட வேண்டும். வால் கொஞ்சம் நீண்டால் எழுத்து விழுந்துவிடும்.

எழுதும்போது ஜிஸோவின் மந்திரத்தை உதட்டுக்குள் சொல்லிக்கொண்டார். ஓங் கா கா கா பிசம்மாஏ சொவாகா. அந்த எழுத்து பிறந்த தேசத்தில் அது கா அல்ல, ஹ. கடல் தாண்டி வந்த வழியில் எத்தனையோ வாய்களில் தேய்ந்து இங்கே கா ஆகிவிட்டது. ஹ ஹ ஹ என்றால் சிரிப்பு என்று மலையில் சொல்லியிருந்தார்கள். ஜிஸோ எதையோ கண்டு வியந்து சிரிக்கிறாராம். இறந்த குழந்தைகள் அத்தனை பேரின் தலைக்கு மேலும் மூன்றில் ஒரு பங்கு சிரிப்பை எழுதி வைக்கிறார்கள். இதை அவர் எந்தப் பெற்றோரிடமும் சொன்னதில்லை. சொன்னால் யாருக்கு நல்லது?

ஜூலை முடிய மூன்று நாள் இருக்கும்போது சுமினோ வந்தாள். நடந்தே வந்திருந்தாள். கழுத்தில் துண்டு, கையில் ஒரு துணி மூட்டை. சிள்வண்டுகள் காதைக் கிழித்தன. ரிட்சு குளிர்ந்த வாற்கோதுமைத் தேநீரை வைத்துவிட்டு, வெயிலில் கத்தரிக்காய் பறிக்க இதுதான் நேரம் என்பதுபோலத் தோட்டத்துக்குப் போய்விட்டாள்.

தாள்களை மறைக்க கைஜுனுக்கு நேரம் கிடைக்கவில்லை. சுமினோவுக்குச் சித்த எழுத்துப் படிக்கத் தெரியாது. ஆனால் இந்த ஒரு மாதத்தில் இரண்டு எழுத்தின் உருவத்தை மட்டும் தெரிந்துகொண்டிருந்தாள். மேலே கிடந்த தாளைக் கையில் எடுத்துத் திருப்பி, நேராகப் பிடித்துப் பார்த்தாள்.

“அப்ப, கா.”

“ஆமாம் அக்கா.”

“அவரு வந்தாரா?”

கைஜுன் தூரிகையைக் கீழே வைத்தார். அவள் தாளை மற்ற தாள்களின் மேல் ஓரம் ஒட்டும்படி வைத்தாள்.

“சொல்ல வேணாம். என்ன சொல்லியிருப்பாருன்னு எனக்குத் தெரியும். நான் அந்த ஏழு வருஷத்தைப் பத்தி ஏதோ பூந்தோட்டம்னு நினைச்சுக்கிட்டு இருக்கேன்னு நினைக்கறாரு. எனக்கும் அந்த வீடு தெரியும் சாமி. அவரு பாத்த வீட்டை நானும் பாத்திருக்கேன், ஒவ்வொரு அறையா. ஆனா அங்கேயும் அவ காலையில கண்ணு முழிச்சிருப்பா. பசிச்சிருக்கும். வளந்திருப்பா. அது எப்படிப்பட்ட வீடா இருந்தாலும்.”

அவள் தேநீரைக் குடித்தாள். முழுவதையும் ஒரே மூச்சில் குடித்துவிட்டு, குரலை மாற்றாமல் கேட்டாள்.

“நான் கேக்க வந்தது வேற. பத்தொம்பது வயசுக் கண்டம் நீங்கதான கழிச்சீங்க. யாருக்குக் கழிச்சீங்க?”

கைஜுன் இதை எதிர்பார்த்திருக்க வேண்டும். ஆனால் எதிர்பார்க்கவில்லை.

பெண்களுக்குப் பத்தொன்பது, முப்பத்துமூன்று, முப்பத்தேழு ஆகிய மூன்று வயதுகளிலும் கண்டம் உண்டு. பிறந்ததுமே ஒரு வயது என்று எண்ணுகிற பழைய கணக்கு. அந்த வருடம் பிப்ரவரியில் கோயிலுக்கு வந்து தீயின் முன்னால் உட்கார்ந்து கண்டத்தைக் கழித்துக்கொண்டு போவார்கள். பத்தொன்பது வருடத்துக்கு முன்னால் ஒரு பிப்ரவரியில், பெயர் கொடுத்தவர்கள் பட்டியலில் கைஜுன் ‘நிஷிகாதா சிஹோ, பத்தொன்பது’ என்பதைப் பார்த்தார். அப்போதுதான் அப்பாவுக்குப் பிறகு கோயிலை ஏற்றிருந்தார். முப்பத்தெட்டு வயது. மறுக்கத் தெரியாத வயது அல்ல. வர முடியாதவர்களுக்கு அவர்கள் உடுத்திய துணி ஒன்றை வைத்துச் செய்யலாம் என்பது வழக்கம். நோயாளிகளுக்கும், தூர ஊரில் வேலை பார்க்கிறவர்களுக்கும் அப்படித்தான் செய்வார்கள். அந்த வழக்கத்தைச் சொன்னால் பெயர் கொடுத்த சுமினோவே புரிந்துகொண்டு அதைத் திரும்ப எடுத்துக்கொள்வாள் என்று நினைத்தார். சிஹோ உடுத்திய துணி என்று வீட்டில் இருப்பதெல்லாம் ஒன்பது வயதுப் பிள்ளையின் துணிதானே.

சுமினோ புதுச் சட்டை ஒன்றை வாங்கிக்கொண்டு வந்தாள். மெல்லிய பச்சை நிறம். தான் பத்தொன்பது வயதில் இருந்த அளவை வைத்துக் கடையில் கேட்டு, கைநீளம் மட்டும் கொஞ்சம் கூட்டி வாங்கியிருந்தாள். அப்பாவைப் போல நீளக் கை அவளுக்கு, என்றாள்.

உடுத்தாத துணி செல்லாது என்று அப்போதே சொல்லியிருக்கலாம். வரிசையில் இன்னும் பத்துப் பேர் இருந்தார்கள். அந்தச் சட்டையை அவள் இரண்டு கையாலும் ஏந்தி நீட்டிக்கொண்டு நின்றாள். கைஜுன் வாங்கித் தட்டில் வைத்தார். தீ மூட்டினார். அங்கியின் கைக்குள் விரல்களைப் பின்னினார். சுண்டுவிரல் நிலம், மோதிரவிரல் நீர், நடுவிரல் நெருப்பு, சுட்டுவிரல் காற்று, கட்டைவிரல் வெளி. நீரும் நிலமும் உள்ளே மடிய, நெருப்பு இரண்டும் நிமிர்ந்து நுனி தொட, காற்று அதன் முதுகில் வளைந்து நிற்க, எதிரில் இருக்கிறவர் உடம்பைக் காக்கிற முத்திரை. நெற்றி, இரண்டு தோள், நெஞ்சு, தொண்டை என்று ஐந்து இடத்தில் தொட்டு மனத்தால் கவசம் போட வேண்டும். தட்டில் இருந்த சட்டையின் மேல் ஐந்து இடத்தையும் அவர் தேடித் தேடித் தொட்டார். நெற்றிக்கு மட்டும் இடம் இல்லை. காலருக்கு மேலே வெறும் காற்றில் தொட்டார். கடைசியில் காலரின் உட்புறத்தில் கோயிலின் சிவப்பு முத்திரையை அழுத்திக் கொடுத்தார்.

முப்பத்துமூன்றுக்கு ஒரு கருநீலக் கம்பளிச் சட்டை. போன வருடம் முப்பத்தேழுக்குச் சாம்பல் நிற மேல்சட்டை. அளவு ஒவ்வொரு முறையும் கொஞ்சம் பெரிதாகிக்கொண்டே வந்தது. கொஹெய்தான் அவளை வண்டியில் கூட்டி வருவார். மேலே ஏற மாட்டார். இதற்கெல்லாம் என்ன அர்த்தம் என்று மூன்று பேரில் ஒருவர்கூட ஒரு முறையும் கேட்கவில்லை.

இப்போது அவள் கேட்டுவிட்டாள்.

“கா எழுதினா, பத்தொம்பதுக்குக் கண்டம் கழிச்சது ஒம்பது வருஷம் முன்னால செத்துப்போன குழந்தைக்கு. சரியா? கோர்ட்டு சொல்றபடி அ எழுதினாலும் அதே கதைதான், செத்து ரெண்டு வருஷம் கழிச்சுக் கண்டம் கழிச்சிருக்கோம். நான் படிக்காதவ. ஆனா கூட்டல் தெரியும். நீங்கதான் சொல்லணும். யாருக்கு செஞ்சீங்க?”

“நீங்க கேட்டீங்க அக்கா. செஞ்சேன்.”

“அது தெரியும். முத்திரை பிடிக்கும்போது எதிர்ல அந்த ஆளை நினைச்சுப் பாக்கணும்னு நீங்களே ஒரு தடவை பிரசங்கத்துல சொன்னீங்க. நினைச்சுப் பாக்காத முத்திரை வெறும் விரல் பிடிப்புன்னு சொன்னீங்க. எனக்கு ஞாபகம் இருக்கு. அதனால கேக்கறேன். எதிர்ல யாரு இருந்தா?”

பொய் சொல்ல அவருக்கு வழி இருந்தது. ஒரு பெண் இருந்தாள், உங்கள் சாயலில், நீளக் கை, என்று சொல்லியிருக்கலாம். அப்படிச் சொல்வது கருணை என்று சொல்கிற குருக்களையும் அவருக்குத் தெரியும். ஆனால் பத்தொன்பது வருடமாக அவர் காட்டிய கருணைதான் இப்போது மூட்டையோடு எதிரில் வந்து உட்கார்ந்திருந்தது.

“யாரும் இல்ல,” என்றார். “சட்டைதான் இருந்துச்சு. மூணு தடவையும்.”

சுமினோ அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அவள் முகத்தில் அதிர்ச்சி இல்லை. கடைக்காரர் ஒரு பொருள் இருப்பு இல்லை என்று சொன்னால், முன்பே தெரிந்து வந்தவர்கள் பார்ப்பது போல இருந்தது.

“நல்ல சட்டை அது,” என்றாள். “பச்சை.”

“ஆமாம்.”

“எனக்கும் அப்படித்தான் சாமி. கடையில நிக்கும்போது அவளை நினைச்சுப் பாப்பேன். வராது. ஒம்பது வயசு முகம்தான் வரும், அதுக்குக் கீழ பெரிய சட்டை தொங்கும். பாக்கவே அசிங்கமா இருக்கும். அப்புறம் அந்த முகமும் போயிடுச்சு. இப்பல்லாம் சட்டை மட்டும்தான் தெரியுது.” அவள் கழுத்துத் துண்டால் முகத்தைத் துடைத்தாள், வியர்வையைத்தான். “அதனாலதான் உங்ககிட்ட கேட்டேன். உங்களுக்காவது தெரிஞ்சுதோன்னு.”

வெளியே ரிட்சுவின் கத்தரிக்கோல் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. கைஜுன் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தார். அவள் தலையை ஆட்டி அதைத் தடுத்தாள். எழுதுங்க, என்றாள். அவருக்கு வாக்குக் கொடுத்துவிட்டீர்கள், பனிக்காலம் அவருக்குச் சந்தேகம், அவர் போகிற வழியில் அந்த வீட்டைப் பார்த்துக்கொண்டே போக வேண்டாம். கா எழுதி, சிறுமி என்று பெயர் போட்டு, ஜிஸோவிடம் ஒப்படைத்துவிடுங்கள். நான் அன்றைக்கு ஒரு வார்த்தை பேச மாட்டேன். இதையெல்லாம் அவள் மளிகைக்கு எழுதிக் கொடுப்பது போல வரிசையாகச் சொன்னாள்.

கைஜுன் தரையில் கைகளை ஊன்றி அவளுக்குத் தலை வணங்கினார். நிமிர்ந்தபோது அவள் மூட்டையின் முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். முடிச்சு இறுகியிருந்தது. பல்லால் கடித்து இழுத்தாள். உள்ளே கடைத் தாள்கூடப் பிரிக்காத வெள்ளைப் பருத்திச் சட்டை ஒன்று இருந்தது. கோடைக்கு உடுத்துகிற மாதிரி, அரைக்கை. அதைத் தாளிலிருந்து எடுத்து, மடிப்பு கலையாமல், கா எழுதிய தாள்களுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

“கடைசிக் கண்டத்துக்கு அடுத்த வருஷமும் கழிக்கணும்ல. இந்தப் பிப்ரவரியில வந்திருக்கணும். அப்பத்தான் அவரு மனுக் குடுத்தது தெரிஞ்சு வீட்டுல சண்டை, வர முடியல. அது ஒண்ணு பாக்கி நிக்குது.” அவள் காலரின் உட்புறத்தை விரலால் நீவினாள். “மூணாம் தேதி அவரு மருந்து போட்டுக்கிட்டு எந்திரிக்க ஒம்பது மணி ஆகும். நான் ஆறு மணிக்கே நடந்து வந்துடறேன். சின்னதா தீ போட்டா போதும். முத்திரை பிடிங்க, எதிர்ல யாரும் இல்லாட்டியும் பரவாயில்ல. மத்தியானம் ரெண்டு பேருமா வந்து பலகையை வாங்கிக்கறோம். காலையில தீ முன்னால பேரும் வயசும் வாசிப்பீங்கல்ல, அப்ப மட்டும் முப்பத்தெட்டுன்னு கொஞ்சம் சத்தமா வாசிங்க சாமி.”